கதவுக்கு இந்தப் பக்கம்

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத என் தவமணி அப்பாவுக்கு,

அம்மனுக்கு ஒரு பூவும் உங்கள் படத்துக்கு ஒரு பூவும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு இரண்டாவது திதி. ஹட்டனில் பத்திரிகை நடத்துகிற தம்பிமார் வந்து, நினைவு நாளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா, அச்சில் போடுகிறோம் என்றார்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்கெழுதிப் பழகிய கை இது. பத்துப் பேர் படிக்கிற மாதிரி எழுத வருமா என்று கூச்சமாக இருந்தது. உங்களுக்குத்தானே எழுதுகிறேன், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டேன். கடைசிக்கு வைப்பதுதானே உங்கள் வித்தை?

நீங்கள் போன காலையிலிருந்து நம் பிள்ளை தவமணி வீட்டுக் கதவைத் திறந்ததில்லை. யார் தட்டினாலும் உள்ளறைக்கு ஓடிவிடுவாள். தட்டுகிற சத்தத்தைவிட, தட்டுவதற்கு முன்னால் வெளியே கால் சத்தம் நிற்குமே, அதுதான் அவளுக்கு ஆகாது. இப்போது பன்னிரண்டு வயது. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், உள்ளே போய்த் தனியாக இருக்க முடியாமல் வெளிப்படியில் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருப்பாள். இந்தப் பிள்ளை இப்படியே வளர்ந்துவிடுமோ என்பதுதான் இரண்டு வருடமாக என் ஒரே கவலை.

அவளைச் சொல்லி என்ன? அந்தக் கதவுக்குள் பயத்தைக் கொண்டுவந்தது சினிமாதான், அதைக் கொண்டுவந்தது நீங்கள்தான் என்று ஆரம்பத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. செத்துப்போனவர்மேல் கோபப்பட்ட பாவத்தை அம்மன் மன்னிக்கட்டும்.

தேயிலைத் தோட்டம் தோட்டமாக வேனில் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்ப் படம் காட்டுகிற உங்கள் வேலையை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. நம் பக்கத்து மைதானத்தில் நீங்கள் வேட்டி வேட்டியாக இணைத்த வெள்ளைத் துணியைக் கட்டினால், முன்பக்கம் கிளார்க்கையா வீட்டு நாற்காலிகளும் ஆம்பிளைகளும். பொம்பிளைகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு துணிக்குப் பின்பக்கம் போய்விடுவோம். அங்கே படம் அப்படியே தெரியும், வலது இடதாக மாறித் தெரியும், அவ்வளவுதான். மூடுபனியில் துணி நனைந்துவிட்டால் எங்கள் பக்கத்துக்கு இன்னும் தெளிவு. நானாக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். படத்தில் வருகிற எழுத்தையும் பின்னாலிருந்தே படிக்கப் பழகிவிட்டேன். “ஏ பாக்கியம், உனக்கு ரெண்டு தமிழ் தெரியும். நேர்த் தமிழு ஒண்ணு, மறுபக்கத்துத் தமிழு ஒண்ணு” என்று கேலி செய்வீர்கள்.

அந்தப் பாழ் பங்களாப் படம் ஞாபகமிருக்கிறதா? உங்களுக்கா ஞாபகம் இருக்காது. எத்தனை தோட்டத்தில் ஓட்டினீர்கள். காணாமல் போன அக்காவைத் தேடி ஒரு பெண் தனியாகப் பங்களாவுக்கு வருவாள். மாடியில் கால் சத்தம் கேட்கும். ஏறிப் போவாள். பூட்டாத ஒரு கதவு. தாழ்ப்பாளில் கை வைப்பாள்.

அதை முதல்முறை பார்த்துவிட்டு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தலையைச் சுற்றி உப்பு மிளகாய் போட்டேன். அடுத்த நாள் நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, சோறு ஆறுவது தெரியாமல், அந்தப் பயத்தைப் பிரித்துப் பிரித்துக் காட்டினீர்கள், ரேடியோப் பெட்டியைக் கழற்றுகிற மாதிரி.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பாதிப் படத்தில் ஒலிபெருக்கி செத்துப்போன கதையைச் சொன்னீர்கள். படம் மட்டும் ஊமையாக ஓடியது. பேய் வந்தது. சனம் சிரித்தது. தலைமுடியை விரித்துப்போட்டு வந்து நின்றதைப் பார்த்து ஒரு கிழவர், “யாரு வீட்டுப் புள்ளைப்பா அது, எண்ணெய் வைக்க ஆளில்லையா?” என்று கேட்டாராம். “பேயி கண்ணுல இல்ல புள்ள, காதுல இருக்கு. எல்லாரும் பயந்தா கண்ண மூடுறீங்க. கண்ண நல்லாத் தொறந்து வச்சிக்கிட்டு காதப் பொத்துங்க. பேயி பொம்மையாயிரும்” என்றீர்கள். தவமணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அடுத்த படத்தில் மற்றப் பிள்ளைகள் அலற, இவள் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

அறுந்துபோன துண்டு பிலிமை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவீர்கள். படத்தை ஒட்டுகிறபோது பூக்காரி மாதிரி முழம் போட்டு அளந்து பார்த்திருக்கிறீர்கள். பேச்சு நடக்கிற இடத்தில் முகம் மாறி மாறி வரும், ஒவ்வொன்றும் ஒரு முழம், அரை முழம். அவள் கதவை நோக்கி நடக்கிற இடம் மட்டும் வெட்டே இல்லாமல் முழம் முழமாகப் போய்க்கொண்டே இருக்கும். எப்போது மாறும் எப்போது மாறும் என்று நம் மூச்சு அதிலே தொங்கும். பேய் வந்துவிட்ட பிறகு எல்லாம் சாண், விரற்கடைதான், சடசடவென்று. “பேயி வர்றப்ப பயம் முடிஞ்சிருச்சு. அதுக்குமேல வெறும் கூப்பாடு. பயமெல்லாம் நீளமா இருக்கிற துண்டுலதான்” என்பீர்கள்.

அரிக்கன் விளக்கைத் தாடைக்குக் கீழே பிடித்து முகத்தைக் காட்டினீர்கள். தினம் பார்க்கிற முகம், நிழல் மேல்நோக்கி விழுந்ததும் வேறு யாரோ. முகத்தைப் பக்கத்தில் காட்டினால் அவள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் அங்கே என்னவோ இருக்கும் என்று நாமே வைத்துக்கொள்வோம் என்றீர்கள். கேமராவைப் பற்றி ஒன்று சொன்னீர்கள், அதைத்தான் நான் கவனமாகக் கேட்காமல் விட்டேன். “கதவு மூடியிருக்கிற மட்டும் கேமரா இந்தப் பக்கமேதான் நிக்கும். ஒரே ஒரு வாட்டி அந்தப் பக்கம் போயி எட்டிப் பாத்துச்சுன்னா, பயம் போச்சு.”

உங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ஹட்டன் தியேட்டரில் இரண்டு மெஷின், ஒன்று முடியும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். உங்களுக்கோ ரீல் முடிந்தால் நிறுத்தி மாற்ற வேண்டும். பங்களாப் படத்தில் முதல் ரீல் முடிவது எங்கே? தாழ்ப்பாளில் அவள் கை வைக்கிற இடத்தில். துணி வெறும் வெள்ளையாகிவிடும். மொத்த மைதானமும் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் மாற்ற வெகுநேரம் ஆயிற்று, முன்வரிசையிலிருந்து, “ஓப்பரேட்டரையா, அந்தப் புள்ளைக்குக் கை வலிக்கப்போகுது” என்று சத்தம் வந்தது. வேண்டுமென்றே தாமதித்தீர்களா என்று கேட்டேன். “படம் எடுத்தவன் கொடுத்தது கொஞ்சம், நான் போட்டது கொஞ்சம்” என்று சிரித்தீர்கள்.

அத்தோடு நிறுத்தினீர்களா? நம் மாரியம்மன் கோயிலில் பூசாரி திரையை இழுத்துவிட்டு உள்ளே அலங்காரம் பண்ணுகிறாரே, வெளியே மணியும் தப்பு மேளமும் கேட்டுக்கொண்டே இருக்கிறதே, சட்டென்று எல்லாம் நின்று திரை விலகுகிறபோது உனக்கு உடம்பு சிலிர்க்கிறதே, அதுவும் இதே வேலைதான் என்றீர்கள். அம்மனையும் பேயையும் ஒரே தட்டில் வைத்தீர்களே என்று அன்று முழுவதும் நான் உங்களோடு பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னது அம்மனைப் பற்றியல்ல, காத்திருக்கிற நம்மைப் பற்றி என்று இப்போது புரிகிறது. இப்போது புரிந்து யாரிடம் சொல்ல?

இந்த வித்தையைத்தான் வாசலுக்குக் கொண்டுவந்தீர்கள். வெளித்தோட்டங்களில் படம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் திரும்புவீர்கள். கீழ் வளைவில், வேன் ஓட்டுகிற குணபால ஐயா ஹார்னை இரண்டு தரம் அடிப்பார். நான் எழுந்து உங்களுக்குச் சுடுதண்ணீர் வைப்பேன். தவமணி போர்வையை உதறிவிட்டுக் கதவடிக்கு ஓடுவாள். உங்கள் கால் சத்தம் படியேறி வரும், வரும், கதவுக்கு முன்னால் நின்றுவிடும். ஒரு சத்தமும் இராது. உள்ளே இவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். அப்புறம் நகத்தால் கதவைச் சுரண்டுவீர்கள். யார் முதலில் பொறுக்க முடியாமல் கத்துகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். தினம் தோற்றது நீங்கள்தான். வேண்டுமென்றே தோற்றீர்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

கடைசியாகப் போன நோர்ட்டன் பிரிட்ஜ் ஊரில் மெஷின் பெட்டியைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? விடியற்காலையில் வளைவில் வேன் சத்தம் கேட்டது. ஹார்ன் அடிக்கவில்லை. தவமணி வழக்கம்போல் ஓடினாள். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

கால் சத்தம் படியேறி வந்தது. கதவுக்கு முன்னால் நின்றது. உங்கள் நடை இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, என்னைத் திரும்பிப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

படத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாதது பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட்டால் அதுதான் பெரிய பதைப்பு என்று ஒரு நாள் சொன்னீர்கள். அன்றைக்கு நான் பார்க்கிறவளாக இருந்தேன். என் பிள்ளை கதவண்டை நின்று சிரிக்கிறது, வெளியே நிற்பது நீங்கள் இல்லை, வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல முடியவில்லை. எவ்வளவு நேரம்? எத்தனை முழம்? சுரண்டுகிற சத்தம் வரவில்லை. கடைசியில் அவளே பொறுக்காமல், “பே!” என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே உங்கள் கம்பளிக் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு குணபால ஐயா நின்றார்.

மற்றதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் மாதாமாதம் எங்களைப் பார்க்க வந்துகொண்டுதான் இருந்தார். தவமணி ஒரு நாளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் ஆற அமர உட்கார்ந்து பேசியதில்லை. சுகமா என்பார், தலையைக் குனிந்துகொள்வார். நான் நீங்கள் சொன்ன மருந்தையெல்லாம் செய்து பார்த்தேன். பயமாக இருந்தால் காதைப் பொத்திக்கோ என்றேன். “சத்தம் நிக்கிறதுதாம்மா பயம். காதப் பொத்துனா அது இன்னும் பெருசாகுது” என்றாள். அதற்கு உங்களிடம் ஏதாவது மருந்து இருந்ததா? நான் ஏன் அடுப்படியில் பாதிப் பேச்சிலேயே எழுந்து எழுந்து போனேன்?

விரதமிருந்தேன், கயிறு மந்திரித்துக் கட்டினேன். ஒரு நாள் தலை வாரும்போது மெதுவாகச் சொன்னாள். “அங்க என்னமோ நின்னுச்சும்மா. நான் சிரிச்சேன். சிரிச்சதுனாலதான் அது அப்பாவைக் கொண்டுகிட்டுப் போயிருச்சு.” சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

இந்த வருடம் அம்மன் திருவிழாவுக்கு மைதானத்தில் படம் என்றார்கள். அதே வேன், புதிதாக ஒரு ஓப்பரேட்டர், அதே பங்களாப் படம். நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். தவமணிதான், “அப்பா ஓட்டுன படம்தானே, போவோம்” என்றாள்.

பின்பக்கம் எங்கள் பழைய இடத்தில் உட்கார்ந்தோம். பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கியது. மாடியில் கால் சத்தம் கேட்டதும் இவள் என் முழங்கையைப் பிடித்தாள். முழம் முழமாக அந்தப் பெண் நடந்தாள். கதவு வந்தது. தாழ்ப்பாள். கை. சத்தம் நின்றது.

ரீல் முடிந்தது. துணி வெள்ளையாயிற்று.

பிள்ளை என் முழங்கையை விடவில்லை. அப்போதுதான் எனக்கு நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல் வந்தது. “கண்ணு, கேமராக்காரன் இந்தப் பக்கமே நிக்கிறான். அந்தப் பக்கம் ஒரு வாட்டி போயிட்டா பயம் போயிரும்னு ஒங்கப்பா சொல்லுவாரு” என்றேன். படத்தைத்தான் சொன்னேன். அவள் வேறொரு கதவை நினைத்துக்கொண்டாள். சட்டென்று எழுந்தாள். துணி கட்டிய மூங்கிலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் நடந்தாள். பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மெஷினுக்குப் பக்கத்தில், பெட்டி மேல், குணபால ஐயா உட்கார்ந்திருந்தார். புது ஓப்பரேட்டர் ரீலோடு போராடிக்கொண்டிருந்தார். தவமணி நேரே போய்க் குணபால ஐயா முன்னால் நின்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நீங்க ஏன் மாமா தட்டல?”

அவருக்குப் புரியாமல் இல்லை. எழுந்து நின்றார். அவருடைய தமிழ் உங்களுக்குத் தெரியுமே, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பார், மகளே என்பதை மட்டும் சிங்களத்தில் துவ என்பார்.

“தட்டத்தான் துவ வந்தது. கை தூக்கினது. அப்ப உள்ளுக்குச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வாய் மூடிக்கிட்டு சிரிக்கிற சத்தம்.”

“நான்தான் சிரிச்சேன்.”

“தெரியும் துவ. அது கேட்டு எப்பிடித் தட்டுறது? கதவு திறக்கிற மட்டும் அந்த வீட்டுல ஒங்க அப்பா உயிரோட இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கட்டும்னு நின்னது.”

முன்வரிசையில் யாரோ ரீலை மாற்றச் சொல்லி விசிலடித்தார்கள். தவமணி அவர் எழுந்த பெட்டியில், நீங்கள் உட்காருகிற இடத்தில், போய் உட்கார்ந்துகொண்டு, நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள்.

படம் தொடர்ந்தது. கதவு திறந்தது. மைதானம் அலறியது. அவள் காதையும் பொத்தவில்லை, கண்ணையும் மூடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “அம்மா, முன்பக்கத்துல இருந்து பாத்தா அந்தக் கதவு வேற பக்கமாத் தொறக்குது.”

அதற்கு முன், மீதிப் படத்துக்கு அவளை அந்தப் பெட்டியில் விட்டுவிட்டு நான் மட்டும் பின்பக்கத்துக்கே திரும்பி வந்தேன். அங்கே உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. துணிக்கு அப்பாலிருந்து மெஷின் வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது. இத்தனை வருடமும் அப்படித்தான் விழுந்திருக்கும். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள். நான் மட்டும் உங்களுக்கு எதிரே, ஒரு துணி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அது தெரியாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

இப்போது சேதி. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் வளைவில் வேன் ஹார்ன் இரண்டு தரம் அடித்தது. இனிமேல் அடித்துவிட்டு வாங்க என்று தவமணிதான் அவரிடம் சொல்லியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. என் கை தானாகப் போய் அடுப்பில் சுடுதண்ணீர்ப் பானையை ஏற்றிவிட்டது. ஏற்றிய பிறகுதான் உறைத்தது. இறக்க மனம் வரவில்லை.

கால் சத்தம் படியேறி வந்தது. கதவுக்கு முன்னால் நின்றது. தவமணி கதவடியில் நின்றாள். நான் கூப்பிடவில்லை, பக்கத்திலும் போகவில்லை. அவர் தட்டுவதற்கு முன்னால் அவளே தாழ்ப்பாளை எடுத்துத் திறந்து, “வாங்க மாமா” என்றாள்.

அந்தத் தண்ணீரில் அவர் கை கால் கழுவிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் வாசலில் வந்து நிற்கிற யாரையும், அவர்கள் கொண்டுவருவது எந்தச் சேதியானாலும், இனி வெளியே காக்கவைக்க மாட்டோம். அடுத்த திருவிழாவில் தவமணி எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். நான் முன்பக்கம் வர மாட்டேன். என் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

துணிக்குப் பின்பக்கம், உங்களுக்கு நேர் எதிரே இருக்கும்,
தவமணியின் அம்மா,
உங்கள் வீட்டுக்காரி பாக்கியம்